கடை ஷட்டரும் கடலில் சுருளும் பாயும்

இரவு கடை அடைக்கும் நேரத்தில் லிட்டில் இந்தியாவின் கேம்பல் லேனில் நின்று பாருங்கள். ஒவ்வொரு கடையாக ஷட்டர் கடகடவென்று இறங்கும். காலையில் அதே ஷட்டர் மேலே போய், கதவு அளவு இருந்த இரும்பு முழுவதும் கூரைக்கடியில் ஒரு சிறு உருளையாகச் சுருண்டுகொள்ளும்.

வளையாத இரும்பு எப்படிச் சுருள்கிறது? ஷட்டரை உற்றுப் பார்த்தால் விடை தெரியும். அது ஒரே தகடு அன்று. குறுகலான பல பட்டைகள் ஒன்றோடு ஒன்று கோக்கப்பட்டிருக்கின்றன. எல்லாப் பட்டைகளும் படுக்கைவாட்டில் உள்ளன. மேலே இருக்கும் உருளையும் படுக்கைவாட்டில் உள்ளது. பட்டையும் உருளையும் ஒரே திசையில் இருப்பதால் எந்தப் பட்டையும் வளைய வேண்டியதில்லை. பட்டைகளுக்கு இடையே உள்ள இணைப்புகள் மட்டும் மடங்குகின்றன.

வீட்டில் கோரைப்பாய் இருந்தால் அதிலும் இதைக் காணலாம். பாயின் அகலவாட்டில் கோரைகள் கிடக்கும். அவற்றோடு இணையாகச் சுருட்டினால் பாய் அடக்கமாகச் சுருளும். குறுக்கே சுருட்ட முயன்றால் கோரை முறியும். பாட்டியிடம் திட்டும் கிடைக்கும்.

இந்தச் சாதாரண விதிதான், செந்தோசாவிலும் கெப்பல் பேயிலும் துவாஸிலும் நிற்கும் பாய்மரப் படகுகளில் பெரிய கேள்வி ஒன்றைத் தீர்த்து வைக்கிறது. தமிழில் தரையில் விரிப்பதற்கும் படகில் விரிப்பதற்கும் ‘பாய்’ என்ற ஒரே சொல் இருப்பது இங்கே நன்றாகவே பொருந்துகிறது.

பாய் வெறும் துணியா?

நவீனப் படகின் முதன்மைப் பாய் முக்கோண வடிவம் கொண்டது. முன்விளிம்பு செங்குத்தாக நிற்கும் பாய்மரத்தோடு சேர்ந்திருக்கும். அடிவிளிம்பு, பாய்மரத்திலிருந்து பின்னோக்கி நீளும் படுக்கைக் கம்பத்தின் மேல் இருக்கும். அந்தக் கம்பத்தை மாலுமிகள் ‘பூம்’ என்பார்கள். பாய்மர உச்சியிலிருந்து பூமின் நுனிவரை சாய்வாக வருவது பின்விளிம்பு. நம் கதை முழுக்க இந்தப் பின்விளிம்பைப் பற்றியதுதான்.

காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் மட்டும் படகு ஓடுவதில்லை. பக்கவாட்டில் காற்று வரும்போது பாய் விமானத்தின் இறக்கையைப் போல வேலை செய்கிறது. வளைந்த பாயின் வெளிப்புறத்தில் காற்று வேகமாக ஓடுகிறது. அங்கே அழுத்தம் குறைகிறது. இரு பக்க அழுத்த வேறுபாடு பாயை இழுக்கிறது. நீருக்கடியில் இருக்கும் துடுப்பு போன்ற பகுதி படகு பக்கவாட்டில் நழுவாமல் தடுப்பதால், அந்த இழுப்பின் ஒரு பகுதி படகை முன்னே நகர்த்துகிறது.

இறக்கை என்றால் அதற்கு நல்ல வடிவம் வேண்டும். வெறும் முக்கோணம் அவ்வளவு நல்ல இறக்கை அன்று. அதன் மேல்நுனி கூராக இருப்பதால் அங்கே பரப்பே இல்லை. ஆனால் காற்று வலுவாக வீசுவது மேலேதான். கடல் மட்டத்தை ஒட்டிய காற்று நீரில் உராய்ந்து வேகம் குறைகிறது. எனவே பாய் தயாரிப்பவர்கள் பின்விளிம்பை நேர்கோட்டில் வெட்டாமல், வெளிப்பக்கம் வில்போல் வளைத்து வெட்டுகிறார்கள். மேல்பகுதியில் பரப்பு கூடுகிறது. அந்தக் கூடுதல் பகுதிக்கு ‘ரோச்’ என்று பெயர்.

இதில் ஒரு சிக்கல். ஒரு கைக்குட்டையின் எதிர் மூலைகள் இரண்டைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். இரு கைகளுக்கும் இடையே உள்ள நேர்கோடு விறைப்பாக இருக்கும். கோட்டுக்கு வெளியே உள்ள துணி தொளதொளவென்று தொங்கும். ரோச்சுக்கும் அதே நிலைதான். அது நேர்கோட்டுக்கு வெளியே இருப்பதால் மடிந்து படபடக்கும். அதை நிமிர்த்தி நிறுத்த, பாயில் சிறு பைகள் தைத்து அவற்றுக்குள் கண்ணாடி இழையால் ஆன மெல்லிய குச்சிகளைச் செருகுகிறார்கள். இவையே ‘பேட்டன்’கள். கிழக்குக் கடற்கரையில் சிறுவர்கள் ஓட்டும் ‘ஆப்டிமிஸ்ட்’ படகின் சிறிய பாயிலும் இத்தகைய குச்சிகள் உண்டு. வழக்கமாக இவை பின்விளிம்பிலிருந்து பாய்மரத்தை நோக்கி, ஏறக்குறைய படுக்கைவாட்டில் இருக்கும்.

சிங்கப்பூர்க் காற்றின் இரண்டு முகங்கள்

நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 1 டிகிரி வடக்கே இருக்கும் நம் கடலில் பல நாள்கள் காற்று மெல்லத்தான் வீசும். அந்த நாள்களில் பாய் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் போதாது. ரோச் தரும் ஒவ்வொரு சதுர மீட்டரும் பயன்படும்.

ஆனால் இதே கடலுக்கு இன்னொரு முகம் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்திலும் பருவங்களுக்கு இடைப்பட்ட மாதங்களிலும், சுமத்ரா மீதோ மலாக்கா நீரிணையிலோ இரவில் உருவாகும் இடிமழை மேகங்கள் ஒரு வரிசையாகக் கிழக்கு நோக்கி வருகின்றன. விடியலுக்கு முன்போ காலையிலோ அவை சிங்கப்பூரை அடைகின்றன. இதுதான் ‘சுமத்ரா பலத்த காற்று’. மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் திடீர்க் காற்று வீசுவது இதில் வழக்கம். 1984 ஏப்ரல் 25ஆம் தேதி தெங்காவில் பதிவான 144.4 கிலோமீட்டர் வேகம், சிங்கப்பூரில் பதிவான காற்று வேகங்களில் ஆக அதிகமானது.

காற்றின் வேகம் இரு மடங்கானால் அதன் விசை இரு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 24 சதுர மீட்டர் பாய் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 20 கிலோமீட்டர் காற்றில் அதன் மீது ஏறத்தாழ 440 நியூட்டன் விசை செயல்படுகிறது. அதாவது 45 கிலோ எடையுள்ள ஒரு மாணவர் தொங்குவது போன்ற பாரம். காற்று 80 கிலோமீட்டரானால் வேகம் 4 மடங்கு, விசை 16 மடங்கு: 7,100 நியூட்டன். 725 கிலோ எடை ஒரு பக்கமாக இழுப்பது போல. படகு சாய்ந்துவிடும்; சுக்கான் சொன்னபடி கேட்காது. உலகின் ஆகப் பரபரப்பான கப்பல் பாதைகளில் ஒன்றான சிங்கப்பூர் நீரிணை பக்கத்திலேயே இருக்கும்போது இது விளையாட்டல்ல.

ஆகவே இங்கே படகு ஓட்டுபவருக்கு இரண்டும் வேண்டும். மெல்லிய காற்றில் பெரிய பாய். மேற்கில் கறுத்த மேகச் சுவர் தெரிந்தவுடன் சட்டென்று சிறிதாகும் பாய்.

பாய்மரத்துக்குள் சுருளும் பாய்

பழைய முறையில் பாயைச் சிறிதாக்க ஒருவர் ஆடும் தளத்தில் பாய்மரத்தின் அருகே போய், பாயைக் கொஞ்சம் இறக்கி, அடிப்பகுதியைப் பூமோடு சேர்த்துக் கட்ட வேண்டும். மழையிலும் அலையிலும் இது ஆபத்தான வேலை.

இதற்கு ஒரு மாற்று, பாயைப் பாய்மரத்துக்குள்ளேயே சுருட்டிவிடுவது. 1970களில் அமெரிக்கப் பாய் தயாரிப்பாளர் டெட் ஹூட்டின் ‘ஸ்டோவே’ பாய்மரம் இந்த முறையைப் பரவலாக்கியது. இன்று சுவீடனின் செல்டென் போன்ற பல நிறுவனங்கள் இத்தகைய பாய்மரங்களைச் செய்கின்றன. பாய்மரம் உள்ளீடற்ற அலுமினியக் குழாய். அதன் பின்புறத்தில் மேலிருந்து கீழ்வரை நீளமான பிளவு இருக்கும். உள்ளே செங்குத்தாக ஒரு சுழல்தண்டு நிற்கும். பாயின் முன்விளிம்பு அந்தத் தண்டோடு இணைந்திருக்கும். கயிற்றையோ கைப்பிடியையோ இயக்கித் தண்டைச் சுழற்றினால், பாய் பிளவு வழியே உள்ளே போய்ச் சுற்றிக்கொள்ளும். பூமின் நுனியை நோக்கி இழுக்கும் மற்றொரு கயிற்றால் அதை வெளியே எடுக்கலாம். தேவையான அளவு மட்டும் வெளியே விடலாம். சுக்கான் அருகே உட்கார்ந்தபடியே ஒருவர் எல்லாவற்றையும் செய்துவிடலாம்.

பாய் உள்ளே ஒளிந்திருப்பதால் வெயிலின் புற ஊதாக் கதிர்களிடமிருந்தும் தப்பிக்கிறது. நம்மூர் வெயிலில் பாலியஸ்டர் துணிக்கு இது நல்ல செய்தி. மழைநீர் பிளவு வழியே போய் ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும் என்பது அதன் மறுபக்கம்.

இந்தப் பாய்மரங்களுக்கு ஒரு வேடிக்கையான பழக்கமும் உண்டு. பாய் இல்லாத நேரத்தில் காற்று குறிப்பிட்ட கோணத்தில் வீசினால், பிளவு கொண்ட இந்த நீண்ட குழாய் புல்லாங்குழல் போல ஊளையிடும். காலிப் புட்டியின் வாயருகே ஊதினால் ஓசை வருவதும் இதே ஒத்ததிர்வால்தான்.

குச்சியை இழந்த பாய்

இப்போது ஷட்டருக்குத் திரும்புவோம். பாய்மரத்துக்குள் இருக்கும் தண்டு செங்குத்தானது. வழக்கமான பேட்டனோ படுக்கைவாட்டில் இருக்கிறது. ஷட்டரின் பட்டைகளை 90 டிகிரி திருப்பிப் பொருத்திவிட்டுச் சுருட்ட முயல்வது போன்ற நிலை.

குச்சி கொஞ்சம் வளைந்துகொடுக்காதா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 15 மில்லிமீட்டர் ஆரமுள்ள தண்டில் 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள குச்சியைச் சுற்றுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். குச்சியின் நடுக்கோடு தண்டின் மையத்திலிருந்து 17 மில்லிமீட்டர் தொலைவில் இருக்கும். வெளிப்பரப்பு 19 மில்லிமீட்டர் தொலைவில். வெளிப்பரப்பு நடுக்கோட்டைவிட 17க்கு 2 பங்கு, அதாவது 12 விழுக்காடு நீள வேண்டும். கண்ணாடி இழையோ 2, 3 விழுக்காடு நீண்டாலே முறிந்துவிடும். படுக்கைவாட்டுக் குச்சிக்கு வாய்ப்பே இல்லை.

அதனால் தொடக்கத்தில் இந்தப் பாய்களில் குச்சியே இல்லாமல் தைத்தார்கள். குச்சி இல்லையென்றால் ரோச் நிற்காது. நேர்கோட்டில் வெட்டினாலும் விளிம்பு படபடக்கும். ஆகவே பின்விளிம்பைக் கொஞ்சம் உட்பக்கமாக வளைத்து வெட்ட வேண்டியதாயிற்று.

இழப்பு எவ்வளவு? பாய்மரத்தோடு 12 மீட்டர் உயரமும் பூமோடு 4 மீட்டர் நீளமும் கொண்ட ஒரு பாயைக் கற்பனை செய்யுங்கள். முக்கோணத்தின் பரப்பு 24 சதுர மீட்டர். பித்தாகரஸ் தேற்றப்படி பின்விளிம்பின் நீளம் ஏறக்குறைய 12.65 மீட்டர். நடுவில் 20 சென்டிமீட்டர் ஆழம் உள்ள வளைவின் பரப்பு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு × 0.2 × 12.65 = 1.7 சதுர மீட்டர். உட்பக்கமாக வளைத்தால் 24 என்பது 22.3 ஆகக் குறையும். அதே அளவு வெளிப்பக்கம் வளைத்தால் 25.7 ஆகும். வேறுபாடு 3.4 சதுர மீட்டர். சிறிய பாயோடு ஒப்பிட்டால் 15 விழுக்காடு. மெல்லிய காற்றில் லாசரஸ் தீவுக்கு மெதுவாகப் போகும் படகில் இது நன்றாகவே தெரியும்.

குச்சியைத் திருப்பிப் போட்டால்

ஷட்டரும் கோரைப்பாயும் சொல்லும் வழி எளிது. தண்டு செங்குத்தாக இருந்தால் குச்சியும் செங்குத்தாக இருக்கட்டும். இதுதான் செங்குத்து பேட்டன் பாய். குச்சிகள் தண்டுக்கு இணையாக இருப்பதால் வளையாமலேயே ஒவ்வொன்றாகப் பிளவுக்குள் போய்ச் சுருளில் அமர்ந்துகொள்கின்றன.

செங்குத்தாக நிற்கும் குச்சி சாய்வான விளிம்பை எப்படித் தாங்கும்? வேலிக்கால் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் அடி மண்ணில் புதைந்திருக்கிறது. தலை வெளியே நிற்கிறது. இங்கே குச்சியின் கீழ்ப்பகுதி விறைப்பாக உள்ள பாய்ப்பரப்பில் ‘புதைந்து’ இருக்கிறது. மேல்நுனி நேர்கோட்டைத் தாண்டி ரோச்சுக்குள் நீண்டு அதை நிமிர்த்திப் பிடிக்கிறது.

இதில் ஒரு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. நம் கற்பனைப் பாயில் பின்விளிம்பின் சாய்வு 12க்கு 4. படுக்கைவாட்டுக் குச்சி நேர்கோட்டுக்கு வெளியே 21 சென்டிமீட்டர் நீண்டாலே 20 சென்டிமீட்டர் ரோச்சைத் தாங்கிவிடும். செங்குத்துக் குச்சியோ விளிம்பைச் சாய்வாகக் கடப்பதால், அதே ரோச்சுக்கு மூன்று மடங்கு, அதாவது 63 சென்டிமீட்டர் வெளியே நீள வேண்டும். குச்சியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெளியே நீட்டக்கூடாது என்று பொதுவாகக் கொள்வார்கள். மேசை விளிம்பில் அடிக்கோலை மிகவும் வெளியே தள்ளினால் விழுந்துவிடுவது போலத்தான் இதுவும். அப்படியானால் குச்சி ஏறக்குறைய 1.9 மீட்டர் நீளம் இருக்க வேண்டும். 50 சென்டிமீட்டர் ரோச் வேண்டுமென்றால் 4.7 மீட்டர் தேவை.

ஆகவே செங்குத்து பேட்டன் பாய் இழந்த பரப்பை மீட்டுத் தரும். கொஞ்சம் கூடுதலாகவும் தரும். ஆனால் படுக்கைவாட்டுக் குச்சி தாங்கும் அளவுக்குப் பெரிய ரோச்சை எளிதில் தராது.

சிக்கிக்கொண்டால்?

மற்றொரு விலை இன்னும் முக்கியமானது. பாய்மரத்துக்குள் இடம் குறைவு. 4 மீட்டர் நீளமுள்ள துணி, தடிமன் அரை மில்லிமீட்டர் என்று கொள்வோம். இறுக்கமாகச் சுற்றினால் சுருளின் விட்டம் ஏறத்தாழ 59 மில்லிமீட்டர். தொளதொளவென்று சுற்றி, ஒவ்வொரு அடுக்குக்கும் இடையே அரை மில்லிமீட்டர் காற்று புகுந்தால் விட்டம் 77 மில்லிமீட்டர் ஆகிவிடும். உள்ளே இருக்கும் இடம் 75 மில்லிமீட்டர் என்றால் கதை முடிந்தது. அரை மில்லிமீட்டர் தளர்வு, பாயைப் பாதி வழியில் நிறுத்திவிடும்.

(சரிபார்க்க விரும்புவோருக்கு: சுருளின் குறுக்குவெட்டுப் பரப்பு = தண்டின் பரப்பு + துணியின் நீளம் × தடிமன். அதிலிருந்து ஆரத்தைக் கண்டுபிடியுங்கள்.)

குச்சிகள் இந்தச் சுருளை மேலும் தடிமனாக்குகின்றன. அவற்றில் ஒன்று தண்டுக்கு இணையாக இல்லாமல் சற்றே சாய்ந்து போனாலும், பிளவின் விளிம்பில் உரசும். சுருளில் ஒரு பக்கம் புடைக்கும். பழைய பாய்க்கு ஆபத்து இன்னும் அதிகம். வெயிலிலும் காற்றிலும் இழுபட்டுத் தொய்ந்த துணி சுருக்கம் விழாமல் சுற்றாது.

சாதாரணப் பாயில் எல்லாம் தவறிப்போனாலும் ஒரு நண்பர் உதவுவார்: புவியீர்ப்பு. கயிற்றை அவிழ்த்துவிட்டால் பாய் கீழே விழும். பாய்மரத்துக்குள் பாதி சுருண்டு சிக்கிய பாயை உள்ளேயும் தள்ள முடியாது, வெளியேயும் இழுக்க முடியாது, கீழேயும் இறக்க முடியாது. சுமத்ரா காற்று வந்துகொண்டிருக்கும் நேரத்தில் அப்படி நேர்ந்தால், 16 மடங்கு விசைக்கு முன்னால் பாய் விரிந்தபடியே நிற்கும்.

அதனால் இத்தகைய படகை ஓட்டுபவர்கள் சில பழக்கங்களைக் கைவிடுவதில்லை. காற்று வலுப்பதற்கு முன்பே பாயைக் குறைக்கிறார்கள். சுருட்டும்போது வெளியே இழுக்கும் கயிற்றை முழுதாகத் தளர்த்தாமல் இலேசாக இழுத்துப் பிடிக்கிறார்கள். அந்த இழுப்புதான் சுருளை இறுக்கமாக்குகிறது. பூம் சரியான உயரத்தில் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். உயரம் மாறினால் மேலும் கீழும் சமமாகச் சுருளாது. கை திடீரென்று கனத்தால் நிறுத்திவிட்டு, கொஞ்சம் வெளியே விட்டு, மறுபடி மெதுவாகச் சுருட்டுகிறார்கள். மோட்டாரைக் கொண்டு வலிந்து இழுத்தால் துணிதான் கிழியும்.

அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது?

ஒரே விடை இல்லை. பொறியியலில் பெரும்பாலான கேள்விகளுக்கு இல்லை. ஆனால் கேட்க வேண்டிய கேள்விகள் தெளிவானவை.

முதல் கேள்வி பாய்மரத்தைப் பற்றியது. குச்சியில்லாத பாய்க்காகச் செய்யப்பட்ட பழைய பாய்மரத்தில் பிளவும் உள்ளிடமும் குறுகலாக இருக்கலாம். அளந்து பார்க்காமல் செங்குத்து பேட்டன் பாய் வாங்கினால், நாம் மேலே கணக்கிட்ட சிக்கலைப் பணம் கொடுத்து வாங்கியது போலாகும்.

இரண்டாவது கேள்வி எங்கே, எப்படிப் போகிறோம் என்பது. மெல்லிய காற்றில் இயந்திரத்தை நம்பாமல் பாயாலேயே போக விரும்புபவருக்கு அந்த 15 விழுக்காடு பரப்பு மதிப்புள்ளது. இருவர் மட்டும் நீண்ட தூரம் போகும் படகில், எளிமையும் நம்பகமும்தான் முதலில். அவர்கள் குச்சியில்லாத பாயோடு நிறைவடைவது அறியாமை அன்று. பந்தயத்தில் ஓடுபவர் பாய்மரத்துக்குள் சுருட்டும் முறையையே பெரும்பாலும் தவிர்ப்பார். சுருட்டிய பாயின் எடை முழுவதும் உயரத்திலேயே தங்கிவிடுகிறது, பாய்மரமும் கனமானது. ஈர்ப்பு மையம் உயர்ந்தால் படகு எளிதில் சாயும். சாதாரணப் பாயை இறக்கும்போது அதன் எடையும் கீழே வந்துவிடும்.

மூன்றாவது கேள்வி குச்சியின் நீளம். குட்டையான குச்சிகள் இலேசானவை; ஆனால் அவற்றின் நுனிகள் துணியை அழுத்திக்கொண்டே இருக்கும், அங்கே தேய்மானம் ஏற்படும். நீண்ட குச்சிகள் நேராகச் சுருள உதவும். ஆனால் எடை கூடும், பாயைக் கழற்றி எடுத்துச் செல்வதும் கடினம்.

மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது. பாயைப் பாய்மரத்துக்குள் சுருட்டாமல் பூமுக்குள் சுருட்டலாம். பூம் படுக்கைவாட்டில் இருப்பதால் அதனுள் இருக்கும் தண்டும் படுக்கைவாட்டில் இருக்கும். எனவே வழக்கமான படுக்கைவாட்டுக் குச்சிகளையே வைத்துக்கொள்ளலாம். பெரிய ரோச்சும் கிடைக்கும். சிக்கினாலும் பாய் கீழிறங்கும். ஆனால் பூமின் கோணம் மிகச் சரியாக இருக்க வேண்டும், விலையும் அதிகம். கேம்பல் லேன் ஷட்டருக்கு ஆக நெருங்கிய உறவு இந்தப் பாய்தான்.

ஆற்றோரத்துப் பழைய விடை

பாயில் குச்சி வைப்பது நேற்று வந்த யோசனை அன்று. சிங்கப்பூருக்கு வந்த சீன ஜங்குக் கப்பல்களின் பாய்களில் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புவரை மூங்கில் குச்சிகள் இருந்தன. காற்று வலுத்தால் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்துவார்கள். கீழ்க் கட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்து அமரும், சன்னல் பட்டைத்திரை மடிவது போல. யாரும் பாய்மரம் ஏற வேண்டியதில்லை. சுருட்டாமல் மடித்ததால் குச்சியின் திசை அவர்களுக்குச் சிக்கலாகவே இல்லை.

அந்தக் கப்பல்களிலிருந்து சரக்கை இறக்கிச் சிங்கப்பூர் ஆற்றுக்குக் கொண்டுவந்த தொங்காங் படகுகளை, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரும்பாலும் ஓட்டியவர்கள் தென்னிந்தியாவிலிருந்து வந்த சூலியா படகோட்டிகள். 1828க்கும் 1830க்கும் இடையே சூலியாக்கள் கட்டிய நாகூர் தர்கா இருக்கும் தெலுக் ஆயர் தெரு, அன்று கடற்கரையோரம். காற்றையும் பாயையும் கணக்கிட்டு வாழ்ந்தவர்களின் தெரு அது.

செய்து பாருங்கள்

தேவையானவை: ஏ4 தாள்கள் மூன்று, சத்தே குச்சிகள் சில, ஒட்டுநாடா, சமையலறைக் காகிதச் சுருளின் நடுவில் இருக்கும் அட்டைக் குழல் ஒன்று.

குச்சிகளின் கூர்முனையை வெட்டிவிடுங்கள். முதல் தாளில் நான்கு குச்சிகளைக் குழலுக்கு இணையாக, இடைவெளி விட்டு ஒட்டுங்கள். இரண்டாவது தாளில் குழலுக்குக் குறுக்கே ஒட்டுங்கள். மூன்றாவது தாளில் சுமார் 20 டிகிரி சாய்வாக ஒட்டுங்கள். ஒவ்வொரு தாளின் ஓரத்தையும் குழலில் ஒட்டிச் சுருட்டுங்கள்.

முதலாவது எளிதாகச் சுருளும். இரண்டாவது சுருளாது, அல்லது குச்சி முறியும். மூன்றாவதைக் கவனமாகப் பாருங்கள். தொடக்கத்தில் அது சுருள்வது போலவே இருக்கும். பிறகு ஒரு பக்கம் புடைத்து, தாள் கோணலாகப் போகும். முதல் தாளை ஒருமுறை இழுத்துப் பிடித்தபடியும், ஒருமுறை தளர்வாகவும் சுருட்டி, இரண்டு முறையும் சுருளின் விட்டத்தை அளந்து எழுதுங்கள்.

கடலில் பெரும் தொல்லை தருவது இரண்டாவது தாள் அன்று. அது சுருளாது என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் அதை வாங்கமாட்டார்கள். மூன்றாவது தாள்தான் ஆபத்தானது. கரையில் ஒழுங்காகச் சுருண்டு காட்டிவிட்டு, காற்று வலுக்கும் நேரத்தில் சிக்கிக்கொள்ளும். அதனால்தான் நல்ல மாலுமிகள் புதுப் பாயை அமைதியான நாளில் பலமுறை சுருட்டியும் விரித்தும் பார்த்த பிறகே மேற்கு வானத்தை நம்பிப் புறப்படுகிறார்கள்.